ரோடினும் திருவாலங்காட்டு நடராஜரும்: யார் முதல்ல?

திருவாலங்காடுன்னா நமக்கு அரக்கோணம் லைன்ல ஒரு ஸ்டேஷன், ரத்தின சபை, காரைக்கால் அம்மையார். பிரெஞ்சு சிற்பி ஒகுஸ்ட் ரோடினுக்கு அது சில போட்டோக்கள். அந்த ஊர் நடராஜர் செப்புத்திருமேனி இப்போ எழும்பூர் மியூசியத்துல இருக்கு. அதோட போட்டோக்களைப் பார்த்துத்தான் 1913ல சிவ நடனம் பத்தி ரோடின் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்ல.

இது தெரிஞ்ச பிறகு அவர் வரைஞ்ச பெண் உருவங்களைப் பார்த்தா ஒரு சந்தேகம் வரும். வளைஞ்ச இடுப்பு, தூக்கின கால், ஒரே இழுப்புல ஓடுற பென்சில் கோடு. நம்ம நடராஜர்கிட்ட கத்துக்கிட்டாரோ? நினைக்க நல்லாத்தான் இருக்கு. தேதி ஒத்துவரணுமே!

அந்தப் படங்கள்ல பேர் பெற்றவை, ஒக்தாவ் மிர்போவோட நாவலுக்காக அச்சான லித்தோகிராஃப்கள். நாவல் வந்தது 1899ல. படங்களோட பதிப்பை வோலார் வெளியிட்டது 1902ல. ஆனா 1902ங்கிறது அச்சோட தேதி மட்டும்தான். கோட் எழுதின நாளும் ரிலீஸ் ஆன நாளும் வேற இல்லையா, அதே கதை. ரோடின் காகிதத்துல வரைஞ்சது அதுக்கும் முன்னாடி. அதைக் கல்லுல ஏத்தினவரும் அவர் இல்ல, ஒகுஸ்ட் க்ளோன்னு ஒரு அச்சுக் கலைஞர். ஆக ஒரு படத்துக்கு ரெண்டு தேதி, ரெண்டு பேரோட கை.

லித்தோகிராஃபை எப்படி அடையாளம் காணுறது? எண்ணெய்ப்பசை உள்ள மையால கல்லுல வரைவாங்க. கல்லை நனைச்சா, ஈரமான இடத்துல அச்சு மை ஒட்டாது, கோட்டுல மட்டும் ஒட்டும். லென்ஸ் வெச்சுப் பார்த்தா கோடு சொரசொரப்பா, ஒழுங்கில்லாத பொடிப்பொடியா தெரியும். பின்னாடி வந்த ஆஃப்செட் காப்பியில புள்ளிகள் வரிசை கட்டி நிக்கும். ஆன்லைன்ல யாராவது 'ஒரிஜினல்'னு விலை சொன்னா முதல்ல இதைப் பாருங்க.

சரி, கணக்குக்கு வருவோம். கோடு 1902க்கு முன்னாடி, கட்டுரை 1913ல. நடுவுல 1906ல பிரான்சுக்கு வந்த கம்போடிய நடனப் பெண்களைச் சுமார் 150 படங்கள் வரைஞ்சிருக்கார். அதனால அந்த லித்தோகிராஃப்ல நடராஜரைத் தேட வேண்டாம். ஊர்ப் பெருமைக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கு என்னவோ இந்த வரிசைதான் பிடிச்சிருக்கு. அசையுற உடம்பை வருஷக்கணக்கா வரைஞ்சு பழகின கண்ணு, எழுபது வயசு தாண்டி திருவாலங்காட்டு சாமியைப் பார்க்குது. கட்டுரை அச்சுல வந்தது 1921ல, அவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு.

ஒரு விஷயம் விட்டுட்டேனே. திருவாலங்காடு கோயில் நடனம், கால் தலை வரைக்கும் போற ஊர்த்துவ தாண்டவம். எழும்பூர்ல இருக்கிறது ஆனந்த தாண்டவம். அங்க போனா முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு ஓடி வராதீங்க, பக்கவாட்டுலயும் நின்னு பாருங்க. பக்கவாட்டுத் தோற்றத்தைப் பத்தியும் ரோடின் எழுதியிருக்கார்.