அப்பா கையில ஒரு லேசர் வாட்ச்

போன வாரம் எபிசோட் வரல, ஸாரி. செஞ்சிக்கு, வீட்டுக்குப் போயிருந்தேன்.

அப்பா கையில புதுசா ஒரு வாட்ச். மணி பார்க்க இல்ல. அடியில சிவப்பா எரியுது, தினம் அரை மணி நேரம் மணிக்கட்டுல கட்டிக்கணுமாம். லேசர் ரத்தத்தை நீர்க்க வைக்கும்னு பெட்டியில போட்டிருக்கு.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சுகர். என்னைத் தோள்ல தூக்கிட்டு ராஜகிரி ஏறின மனுஷன், இப்போ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாலே கெண்டைக்கால் வலிச்சு நின்னுடுறார். கால் ரத்தக்குழாய் குறுகியிருக்குன்னு டாக்டர் ஆஸ்பிரின் கொடுத்திருந்தாங்க. "அதான் வாட்ச் செய்யுதே, மாத்திரை எதுக்கு?"ன்னு நிறுத்திட்டார். பன்னிரண்டு நாளாச்சு.

கோபமாப் பேசினா அவர் கேட்க மாட்டார். ராத்திரி உட்கார்ந்து படிச்சேன்.

முழுப் பொய்யா இருந்தா ஈஸியா இருந்திருக்கும். 1967-ல புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்ங்கிற டாக்டர், மழிச்ச எலி மேல லேசர் காட்டினப்போ முடி வேகமா வளர்ந்துச்சு. துறை அங்கதான் ஆரம்பம். சர்க்கரை நோய் இருக்கிற எலிகளோட புண் ஹீலியம்-நியான் லேசர்ல சீக்கிரம் ஆறினதா நம்ம மணிபால்காரங்க 2005-ல எழுதியிருக்காங்க.

சரி, ரத்தம்? சிவப்பணு 7, 8 மைக்ரான் அகலம். நுண்குழாய் அதைவிடக் குறுகல். உடம்பை மடிச்சுத்தான் நுழையணும். சுகர் ஏறினா அணு விறைச்சுடும். வெளியே எடுத்த ரத்தத்துல லேசர் காட்டினா விறைப்பும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டுறதும் குறையுதுன்னு சில ஆய்வுகள் சொல்லுது. ஆனா சோதனைக் குழாய் ரத்தம் வெளிச்சத்துலயே இருக்கு. மணிக்கட்டுல ஓடுற ரத்தம் கண் சிமிட்டுறதுக்குள்ள கடந்துடும். அதோட, வெளிச்சத்தை வாங்கிக்கறது மைட்டோகாண்ட்ரியான்னு சொல்றாங்க. சிவப்பணுவுல அதுவே கிடையாது! போர்ட்டே திறக்காத சர்வருக்கு ரிக்வெஸ்ட் அனுப்புற கதை. வெளிச்சம் படுற இடத்துல நைட்ரிக் ஆக்சைடு வெளியாகி குழாய் கொஞ்சம் விரியலாம். ஆனா அடைப்பு கால்ல, வாட்ச் கையில.

அப்புறம்தான் உறைச்சது. குழப்பமே அந்த 'நீர்க்க' வைக்கிறதுங்கிற வார்த்தையிலதான். ஆஸ்பிரின் ரத்தத்தைத் தண்ணி ஆக்குறதே இல்ல. பிளேட்லெட், அதாவது தட்டணுக்கள், கூடிக் கட்டியாகிறதைத் தடுக்குது. வாட்ச் பெட்டியில சொல்றது பாகுத்தன்மை. ரெண்டும் வேற வேற வேலை. ரெண்டையும் ஒரே வார்த்தையில சொல்லிச் சொல்லி, நாமதான் அப்பாவை நம்ப வெச்சிருக்கோம்.

காலையில இதைச் சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மாத்திரை மறுபடி ஆரம்பிச்சாச்சு. வலி வர்ற வரைக்கும் நடந்து, நின்னு, திரும்ப நடக்கச் சொல்லியிருக்காங்க.

வாட்ச் இன்னும் கையிலதான் இருக்கு. "இருக்கட்டும்டா, காசு கொடுத்தாச்சு"ங்கிறார்.