வீட்டிற்கு ஒரு சதுரங்கப் பலகை

(திருவனந்தபுரத்தில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு சதுரங்கத்தைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். ஆட்டத்தின் நுட்பங்களை எடுத்துரைக்க வல்ல இளைஞர்கள் இவ்வவையிலேயே பலர் இருக்கின்றனர். ஆதலின் அதனை அவர்களுக்கு விட்டுவிட்டு, ஆடும் காய்களைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். சிறப்பாக, சோவியத் நாட்டில் மரத்தைக் கடைந்து செய்த காய்களைப் பற்றியும், அத்தகைய காய்களை நாம் எவ்வாறு தேடிப் பெறலாம், எவ்வாறு போற்றலாம் என்பதைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகிறேன்.

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த ஆட்டம் என்பது யாவரும் அறிந்ததே. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையே அப்பெயருக்குக் காரணம். மன்னார்குடியை அடுத்த திருப்பூவனூரில் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே திருநாமம். அரசன் மகளோடு காய் நகர்த்தி வென்று அவளை மணந்தார் என்பது அத்தலத்தின் வரலாறு. ஆண்டவனே விளையாடிய ஆட்டமென்று நாம் கொண்டாடும் இது, பாரசீகம் சென்று, அரபு நாடுகளிற் பரவி, உருசிய நாட்டையும் அடைந்தது. உருசியர் இதனைச் ‘ஷாக்மத்தி’ என்பர். அரசன் வீழ்ந்தான் என்று பொருள் கூறப்படும் பாரசீகச் சொற்றொடரின் திரிபே அது.

இங்கே வியப்பான ஒன்றைக் கூற வேண்டும். நம் காலனிப் பிள்ளைகள் சதுரங்கம் ஆடும்போது காய்களின் பெயர்களைப் பற்றிப் பூசலிடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளை ‘ராணி’ என்பதை அடுத்த வீட்டு மலையாளக் குழந்தை ‘மந்திரி’ என்கிறது. நாம் ‘மந்திரி’ என்பதை அது ‘ஆன’ என்கிறது. நாம் யானை என்றும் கோட்டை என்றும் சொல்வது அதற்குத் ‘தேர்’. யார் சொல்வது சரி என்று குழந்தைகள் என்னிடம் வழக்குக் கொண்டுவருவதுண்டு. உருசிய மொழியை நடுவராக வைத்தால், தீர்ப்பு மலையாளத்தின் பக்கமே பெரிதும் சாய்கிறது! உருசியர் ராணியை ‘ஃபெர்ஸ்’ என்பர். அமைச்சனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது அது. மூலைவாட்டாய்ச் செல்லும் காயை ‘ஸ்லோன்’ என்பர். யானை என்பதே அதன் பொருள். குதிரை அங்கும் குதிரையே. தேர் மட்டும் ‘லத்யா’ என்னும் படகாகிவிட்டது. வங்காளிகளும் அதனைப் படகு என்றே அழைக்கின்றனர். ஆகவே சோவியத் காய்களைக் கையில் எடுக்கும் நாம் அயல்நாட்டுப் பொருளை எடுக்கவில்லை. நெடுந்தொலைவு சென்று திரும்பிய உறவினரையே வரவேற்கிறோம்.

இனி, காய்களின் வடிவத்தைப் பார்ப்போம். இன்று உலகெங்கும் வழங்கும் வடிவம் 1849ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்டது. ஸ்டாண்டன் என்னும் ஆட்டக்காரரின் பெயரால் அது வழங்குகிறது. 1851இல் இலண்டன் மாநகரில் மாபெரும் பொருட்காட்சி நடைபெற்றபோது, அதனையொட்டி முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டியை நடத்தியவரும் அவரே. அதே பொருட்காட்சியில்தான் திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா அரசிக்கு அனுப்பிய யானைத்தந்தச் சிம்மாசனம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. நம் திருவனந்தபுரத்தின் கைத்திறம் அன்று அரண்மனைக்காக உழைத்தது; காண்போர் வியந்தனர், தொட்டவர் சிலரே. இவ்விரண்டையும் ஒருசேர நினைக்கும்போது, கைவினைப் பொருளுக்கு இருவகை வாழ்வு உண்டென்பது விளங்கும். கண்ணுக்காகச் செய்யப்படுவது ஒன்று. கைக்காகச் செய்யப்படுவது மற்றொன்று. சோவியத் காய்கள் இரண்டாம் வகையின.

புரட்சிக்குப் பின், 1920களில், சோவியத் அரசு சதுரங்கத்தைப் பொதுமக்களின் ஆட்டமாக்க முனைந்தது. தொழிற்சங்கங்களிலும் பள்ளிகளிலும் படை முகாம்களிலும் ஆட்டக் கழகங்கள் எழுந்தன. இலட்சக்கணக்கானோர்க்குக் காய்கள் வேண்டியிருந்தன. ‘ஆர்தெல்’ எனப்பட்ட கைவினைஞர் கூட்டுறவுகளும், பின்னர் ஆலைகளும் அவற்றைச் செய்தன. விலையுயர்ந்த கருங்காலிக்கு மாறாக, அந்நாட்டுக் காடுகளில் மலிந்த பிர்ச்சு மரமே பெரிதும் பயன்பட்டது. ஒரு பக்கத்துக் காய்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, இரு பக்கத்திற்கும் வார்னிஷ் பூசினர். அரசனின் முடியில் ஆங்கிலேயர் வைத்த சிலுவை அங்கே காணப்படாது. எளிய குமிழே இருக்கும். பல செட்டுகளில் அக்குமிழ், வெள்ளைக் காய்க்குக் கறுப்பாகவும் கறுப்புக் காய்க்கு வெள்ளையாகவும் அமைந்திருக்கும். குதிரையின் முகத்தில் நுண்ணிய செதுக்கல் இராது. சில வெட்டுகளிலேயே பிடரியும் தாடையும் தோன்றிவிடும். இச்சிக்கனமே அதன் அழகு.

1933இல் போத்வின்னிக்கும் ஃபுளோரும் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் மோதிச் சமநிலை கண்டனர். அவ்விருவர் பெயராலேயே ஒரு வடிவத்தைச் சேகரிப்போர் இன்றும் அழைக்கின்றனர். போத்வின்னிக் 1948இல் உலகப் பட்டம் வென்றது முதல் 1972 வரை, அப்பட்டம் சோவியத் ஆட்டக்காரர்களின் கையிலேயே இருந்தது. அப்பெருமை ஒருபுறமிருக்க, மொர்தோவியாவின் சிறை முகாம்களில் கைதிகள் கடைந்தவை என்று சேகரிப்போர் குறிக்கும் காய்களும் உண்டு. உலக வீரரின் பெயர் பெற்ற காயும், பெயரற்ற கைதியின் கை பட்ட காயும் ஒரே நாட்டிலிருந்து வந்தவையே. ஒரு செட்டைப் போற்றுவது என்றால், அதனைச் செய்த கையையும் நினைப்பதே ஆகும்.

தமிழர்க்கு இவ்வரலாற்றில் பங்கு உண்டு. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் மிகயில் தால் பெயரால் ஒரு கழகம் தொடங்கினார். அங்கே ஆடிப் பழகிய மயிலாடுதுறைச் சிறுவர் விசுவநாதன் ஆனந்த், 1988இல் இந்நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நம் திருவனந்தபுரமும் பின்தங்கவில்லை. இந்நகரைச் சேர்ந்த எஸ். எல். நாராயணன் 2015இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்று, 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் இந்திய அணியில் ஆடினார்.

காய்களைத் தேடிப் பெறும் வழியை இனிக் கூறுகிறேன். பழைய சோவியத் செட்டு வேண்டுவோர் முதலில் பெட்டியைப் பார்க்க வேண்டும். பலகையே மடிந்து பெட்டியாகும் அமைப்பு பெரும்பாலானவற்றில் உண்டு. அதன் உட்புறத்தில் செய்த இடம், ஆண்டு, ரூபிள் கணக்கில் விலை ஆகியன முத்திரையிடப்பட்டிருப்பின் அது நல்ல சான்று. அடுத்து, 32 காய்களையும் வரிசையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். காலாள்களில் சிறுவேறுபாடு இருப்பது குறையன்று; கையால் கடைந்ததற்கு அடையாளம். வேறு செட்டிலிருந்து வந்த காய் கலந்திருப்பின் அடிப்பாகத்தின் அகலமே காட்டிக்கொடுக்கும். காயின் பூச்சு தேய்ந்திருந்தால் அஞ்ச வேண்டா. விரிசலுக்கே அஞ்ச வேண்டும்.

புதியது வேண்டுவோர்க்கு அமிர்தசரஸ் இருக்கிறது. அந்நகரின் கைவினைஞர்கள் பழைய சோவியத் வடிவங்களை மீண்டும் கடைந்து உலகெங்கும் அனுப்புகின்றனர். அவர்களுள் குதிரை செதுக்குவோர் தனித் திறமுடையோர். ஏனைய காய்களைக் கடைசல் இயந்திரம் உருட்டித் தரும், குதிரையின் தலையை உளி ஒன்றே தர வல்லது. எனவே எந்தச் செட்டையும் குதிரையைக் கொண்டே மதிப்பிடுக. போட்டிக்குரிய அளவில் அரசனின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர். ஒரு கட்டத்தினுள் நான்கு காலாள் அடங்குமாறு பலகை அமைதல் நலம். புதிதாகச் செய்ததைப் பழையது என்று விற்பாரிடம் வாங்காதீர்கள். புதியதைப் புதியது என்று கூறி விற்பவரே மதிக்கத்தக்கவர்.

என்னிடமுள்ள செட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறுவேன். இளமையில் சோவியத் நாட்டிற்குப் பயிற்சிக்குச் சென்று வந்த முதியவர் ஒருவர், இந்நகரை விட்டு மகனிடம் குடியேறும் நாளில் அதனை எனக்கு அளித்தார். விலை கூறவில்லை, அலமாரியில் அடைக்காமல் நாள்தோறும் ஆட வேண்டும் என்றே கேட்டுக்கொண்டார். கறுப்புக் காலாள் ஒன்றைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு நூற்கண்டுக் கட்டை நின்றது. அம்பாசமுத்திரம் மரச் செப்புக்கும் தொட்டிலுக்கும் பெயர்பெற்ற ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆரியங்காவு, செங்கோட்டை வழியாக அங்கே சென்று, ஒரு கடைசல் பட்டறையில் அக்காய்களைக் காட்டினேன். பட்டறைப் பெரியவர் ஏழு காலாள்களையும் நெடுநேரம் விரல்களால் தடவிப் பார்த்தார். மிகுதியான வெட்டு ஒன்றுகூட இல்லை, கணக்கறிந்த கை இது என்றார். பின்னர்ச் சில நிமிடங்களில் எட்டாவதைக் கடைந்து தந்தார். நிறம் சற்றே வேறுபட்டிருந்தது. என் பேத்தி அதற்குத் ‘தமிழ்க் காலாள்’ என்று பெயரிட்டாள். ஆட்டத்தில் அதனை மட்டும் எளிதில் வெட்டக் கொடுக்க மாட்டாள்!

விடைபெறும்போது, பிள்ளைகள் இத்தொழிலைக் கற்கின்றனரா என்று வினவினேன். இருவரும் வெளியூரில் வண்டி ஓட்டுகின்றனர், பட்டறை தம்மோடு முடியும் என்றார். அவர் குரலில் வருத்தமும் இல்லை. எனக்குத்தான் மறுமொழி கூற வாயெழவில்லை.

அன்பர்களே! கடைபவர் ஒருவர் இருக்கும் வரையில்தான் தொலைந்த காலாளுக்கு மாற்று உண்டு. இதனை மனத்திற் கொண்டு இரண்டு வேண்டுகோள்களைச் சங்கத்தின்முன் வைக்கிறேன். முதலாவது, நம் நூலகத்திற்கு வேண்டும் சதுரங்கக் காய்களைத் தென்பாண்டிக் கடைசல் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்விக்க வேண்டும். குதிரையைச் செதுக்க அவர்களுக்கு முதலில் கை பழகாதிருக்கலாம். நாம் சொல்லிக் கேட்டால்தானே பழகும்? இரண்டாவது, அடுத்த ஆண்டு விழாவில் வெல்லும் சிறுவர்க்குக் கோப்பைக்குப் பதிலாக அத்தகைய செட்டு ஒன்றையே பரிசாக வழங்க வேண்டும். கோப்பை அலமாரிக்குப் போகும். சதுரங்கப் பலகை கூடத்திற்கு வரும்.

பேணும் முறையும் எளிதே. ஈராண்டுக்கு ஒருமுறை மழை காணும் ஊரல்ல இது. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஆதலின் பெட்டியை ஈரச் சுவரை ஒட்டி வைக்கலாகாது. காய்களைத் துணிப் பையிலிட்டு, மழை ஓய்ந்த நாளில் நிழலிற் காற்றாட விடுக. நேர் வெயில் மரத்தைப் பிளக்கும். உலர்ந்த துணியால் துடைத்தலே போதும். யாவற்றினும் மேலான காப்பு, நாள்தோறும் மனிதக் கை படுவதே.

கைப்பேசியிற் சதுரங்கம் ஆடலாமே என்று இளைஞர்கள் கேட்பர். ஆடுக, திறமை வளரும். ஆயினும் அங்கே எதிரில் அமர்ந்திருப்பவரின் முகம் தெரியாது. மரப்பலகையின் முன் தாத்தாவும் பேரனும் அமரும்போது, ‘ராணியை எடு’ என்ற தமிழும் கூடவே வாழ்கிறது. அயலூரில் வாழும் நமக்கு அது சிறிய ஆதாயமன்று.