மூச்சு இருந்தால்தானே மனந்திரும்ப முடியும்?
(ஆஸ்பத்திரி ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஐயர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையால் அவசர சிகிச்சைப் பிரிவில் வாங்கி வைக்கப்படும் மருந்துகளில் நலாக்சோன் என்னும் சிறிய ஊசிமருந்தும் ஒன்று. அதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

மார்பின், ஹெராயின் முதலான அபினி வகை மருந்துகள் அளவுக்கு மிஞ்சினால், மூச்சை நடத்தும் மூளைப்பகுதி அடங்கிப்போகும். கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், உதடு நீலமாகும், மூச்சு நின்று மரணம் நேரிடும். நலாக்சோனோ, மூளையில் அந்த மருந்து பற்றியிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. சில நிமிடங்களில் மூச்சு திரும்புகிறது.

அமெரிக்காவில் 1971ல் அங்கீகாரம் பெற்ற இம்மருந்து, நெடுங்காலம் மருத்துவர் கையில்தான் இருந்தது. 1996ல் சிகாகோ நகரில் போதைப் பழக்கமுள்ளவர்களிடமே இதைக் கொடுத்துவைக்கத் துவங்கினார்கள். மூச்சு அடங்கும் வேளையில் அருகே இருப்பவர் டாக்டர் அல்லவே, நண்பனோ, தாயோதான். 2014ல் உலக சுகாதார நிறுவனமும் அருகிலிருப்போர் கையில் இம்மருந்து கிடைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2023ல், மூக்கில் பீய்ச்சும் நலாக்சோனை டாக்டர் சீட்டின்றி விற்க அமெரிக்கா அனுமதித்தது.

"தானாய்த் தேடிக்கொண்ட கேட்டுக்கு நம் காணிக்கையா?" என்று சிலர் கேட்கிறார்கள். புற்றுநோய் வலிக்காக மார்பின் பெறும் முதியவருக்கும், வீட்டிலுள்ள மாத்திரையை அறியாமல் விழுங்கிய குழந்தைக்கும் இதே ஆபத்து வரலாம். போதைக்கு அடிமையான வாலிபனே ஆனாலும், அவன் மரித்துப்போனால் யார் அவனுக்குப் புத்திசொல்வது? மூச்சு இருந்தால்தானே மனந்திரும்பச் சமயம் உண்டு!

இன்னொன்றையும் கவனியுங்கள். நலாக்சோனின் பலன் அரைமணி முதல் ஒன்றரைமணி நேரம்வரைதான். உட்கொண்ட மருந்து அதைவிட நெடுநேரம் உடலில் தங்கக்கூடும். மூச்சு மறுபடியும் அடங்கலாம். ஆகவே பிழைத்தவரை உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது. போதை திடீரென இறங்குவதால் அவர் வாந்தியெடுப்பார், கோபிப்பார், "என்னை விடுங்கள்" என்று எழுந்து போகப் பார்ப்பார். அவரிடம் நன்றியை எதிர்பாராமல், மணிக்கணக்காய் அருகிலிருந்து மூச்சைக் கவனிக்கிற நர்சம்மாவின் ஊழியம் அப்போதுதான் துவங்குகிறது.

நல்ல சமாரியன் காயங்கட்டியதோடு நின்றுவிட்டானா? சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான். மறுநாள் புறப்படும்போது செலவுக்குப் பணமும் கொடுத்தான். அடிபட்டவன் யார், எதற்காக அந்த வழியே வந்தான் என்று அவன் விசாரிக்கவில்லை.

ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. காத்திருப்பதோ இராமுழுதும் வேலை. உங்கள் காணிக்கை இவ்விரண்டையும் தாங்குகிறது. கண்விழித்திருக்கும் ஊழியர்களுக்காகவும், கண்திறக்கவேண்டிய பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.