தென் தைரோலின் விடுமுறை நாள்கள்: ஒரு மொழியியல் நோக்கு



விடுமுறை நாள்களைப் பற்றி மொழியியலாளர் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். இத்தாலியின் வடகோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையே அமைந்த தென் தைரோலை, அஃதாவது போல்சானோ மாகாணத்தை நோக்கினால் விடை கிட்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் தம்மை ஜெர்மன் மொழிக் குழுவினராகவும், 26 விழுக்காட்டினர் இத்தாலிய மொழிக் குழுவினராகவும், நாலரை விழுக்காட்டினர் லடின் மொழிக் குழுவினராகவும் பதிவு செய்தனர். லடின் என்பது இலத்தீன் அன்று. அதன் வழித்தோன்றலாகிய சிறு மலைமொழி. மூன்று குழுவினர்க்கும் தனித்தனிப் பள்ளி அமைப்பு உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கின் பொருட்டு அங்குச் சென்றிருந்தோம். பேருந்து நிறுத்தத்து அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்னும் சொல்லைக் கண்டோம். இலத்தீனில் ‘ஃபெரியா’ என்றால் திருநாள். ஆகவே இது விடுமுறை நாளுக்குரிய அட்டவணை எனத் துணிந்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தும் பேருந்து வரவில்லை. இத்தாலியத்தில் ‘ஃபெரியாலே’ என்றால் வேலைநாள்! கீழே ஜெர்மனில் ‘வேலைநாள்’ என்றே தெளிவாக எழுதியிருந்தது. சொற்பிறப்பியல் அறிந்த செருக்கில் அதனை நாம் படிக்கவில்லை.

இம்மாற்றம் நிகழ்ந்த வழி சுவையானது. கிறித்தவத் திருச்சபை வாரநாள்களுக்குப் பழந்தெய்வங்களின் பெயர்களைத் தவிர்த்து, திங்களை இரண்டாம் ஃபெரியா, செவ்வாயை மூன்றாம் ஃபெரியா என எண்ணிட்டு வழங்கியது. எண்ணிட்ட நாள்கள் யாவும் உழைக்கும் நாள்களாதலின், திருநாளைக் குறித்த சொல் வேலைநாளைக் குறிக்கலாயிற்று. அதே வேரிலிருந்து வந்த ‘ஃபெரியே’ என்னும் பன்மை மட்டும் பழம்பொருளைக் காத்து, ஆண்டு விடுப்பைக் குறிக்கிறது. ஜெர்மன் மொழி இவ்வேரைக் கடன்பெற்றுப் பள்ளி விடுமுறைக்கு ‘ஃபெரியன்’ என்கிறது. ஒரே வேர், ஒரே ஊரில், இரு எதிர்ப்பொருள்களில் வழங்குகிறது.

நாள்களின் பெயர்களும் இவ்வாறே. சனவரி 6ஆம் நாளாகிய திருக்காட்சிப் பெருவிழாவின் கிரேக்கப் பெயர் இத்தாலியர் நாவில் தேய்ந்து ‘பெஃபானா’ ஆயிற்று. பிறகு அச்சொல்லே, துடைப்பத்தில் பறந்து வந்து குழந்தைகளுக்கு இனிப்பு தரும் மூதாட்டியாக உருப்பெற்றது. ஒலித்திரிபு ஒரு பாட்டியைப் பெற்றெடுத்த கதை இது. ஜெர்மன் பேசுவோர்க்கோ அது மூவரசர் நாள். சிறுவர் பாடிக்கொண்டு வீடுவீடாகச் செல்வர். நிலைக்கதவின் மேல் ஆண்டும் மூன்று எழுத்துகளும் சுண்ணக்கட்டியால் எழுதப்படும்.

தவக்காலத்திற்கு முந்திய களியாட்டத்தை ஒட்டி அங்கே பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை. இத்தாலியச் சொல்லாகிய ‘கார்னெவாலே’ இறைச்சியை நீக்குதல் என்னும் பொருளில் பிறந்தது. ஜெர்மனின் ‘ஃபாஷிங்’, நோன்புக்கு முன் மது வார்த்தலைக் குறித்தது. ஒருவர் இழக்கப்போவதை எண்ணிப் பெயரிட்டார். மற்றவர் இருக்கும்போதே குடித்துவிட எண்ணினார் போலும். ஆகஸ்டு 15 ஜெர்மன் நாள்காட்டியில் மரியாவின் விண்ணேற்புத் திருநாள். இத்தாலியர் வழங்கும் ‘ஃபெர்ராகோஸ்தோ’ என்னும் பெயரிலோ, அன்னையின் பெயர் இல்லை. பேரரசர் அகஸ்டஸ் இருக்கிறார்.

1977ஆம் ஆண்டு இத்தாலிய அரசு, உற்பத்தியைப் பெருக்கும் நோக்கில் விடுமுறைகளைக் குறைத்துச் சட்டம் இயற்றியது. திருக்காட்சி, புனித சூசையப்பர் நாள், ஆண்டவரின் விண்ணேற்றம், திருவுடல் பெருவிழா, பேதுரு பவுல் நாள் ஆகியன நீங்கின. திருக்காட்சி 1985ஆம் ஆண்டு ஆணையால் மீண்டது. சூசையப்பர் தைரோலின் காவலர்; அவர் நாள் மீளவில்லை. திருவுடல் பெருவிழாவன்று பிரென்னர் கணவாய்க்கு அப்பால், ஆஸ்திரியாவில், வியாழக்கிழமை பவனி செல்கிறது. இப்பால் அது ஞாயிறுக்குத் தள்ளப்பட்டது. ஆயினும் பெந்தெகொஸ்தே திங்கள் இத்தாலியின் பிற பகுதிகளில் வேலைநாளாக இருக்க, இம்மாகாணத்தில் மட்டும் விடுமுறை. சிங்கப்பூரில் 1968ஆம் ஆண்டு இதே போன்ற காரணத்தால் விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசமும் ஈஸ்டர் திங்களும் பட்டியலிலிருந்து நீங்கியதை இந்த அவையில் மூத்தோர் நினைவுகூர்வர். ஆகவே ஒரு திங்கட்கிழமைக்காக ஏன் இத்தனைப் பிடிவாதம் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

நவம்பர் 4 வேறு வகையானது. 1918இல் ஆஸ்திரிய–ஹங்கேரியுடன் போர் ஓய்ந்த அந்நாளை இத்தாலி வெற்றிநாளாகக் கொண்டாடியது. தென் தைரோலின் ஆடவரோ ஆஸ்திரியப் படையில் நின்று போரிட்டவர்கள். 1920இல் அவர்கள் மண் இத்தாலியுடன் இணைக்கப்பட்டது. 1923 முதல் பள்ளிகளில் ஜெர்மன் வழிக் கல்வி படிப்படியாக ஒழிக்கப்பட, ஆசிரியைகள் வீடுகளில் மறைவாக எழுத்துக் கற்பித்தனர். அவற்றை மக்கள் நிலவறைப் பள்ளிகள் என்றனர். அப்பிள்ளைகளுக்குத் தம் தந்தையர் தோற்ற நாள் பள்ளி விடுமுறையாக வழங்கப்பட்டது. விடுமுறை மகிழ்ச்சி தரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே அது பொருந்தாது என்பது நம் கருத்து. 1977ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாளையும் முதல் ஞாயிறுக்கு நகர்த்தியது. மாகாணத்தில் அதற்காக வருந்தியவரும் உண்டு, நிம்மதி அடைந்தவரும் உண்டு. யார் எவர் என்பதை மொழியை வைத்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

இறுதியாக, அரசுப் பட்டியலில் இடம்பெறாத ஒரு நாள். 1796இல் பிரெஞ்சுப் படை நெருங்கியபோது, தைரோல் மன்றத்தினர் போல்சானோவில் கூடி, நாட்டை இயேசுவின் திருஇருதயத்திற்கு ஒப்புக்கொடுத்து உறுதி பூண்டனர். ஆண்டுதோறும் சூன் மாதத்தை ஒட்டி வரும் திருஇருதய ஞாயிறன்று மலைமுகடுகளில் தீ மூட்டுவது வழக்கம். 1961இல் அதே ஞாயிற்றின் இரவில் பிரிவினை நாடிய குழுவினர் 37 மின்கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தனர்; ‘தீ இரவு’ என்னும் பழகிய பெயர் அந்நிகழ்ச்சிக்கு ஒட்டிக்கொண்டது. பேச்சுவார்த்தை நீண்டு, 1972இல் தன்னாட்சிச் சட்டம் விரிவாக்கப்பட்டது. தீ இன்றும் மூட்டப்படுகிறது. அது ஞாயிறு ஆதலின், விடுமுறையாக அதனை வழங்க வேண்டியதும் இல்லை, சட்டத்தால் நீக்கவும் இயலாது.

ஐயங்கள் இருப்பின் கேட்கலாம்.