தாம்பரத்து வாசலும் ஜெனீவாச் சட்டமும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"உலக வர்த்தக விதியெல்லாம் நமக்கெதுக்கு சார்?" என்று காலையில் ஒரு தம்பி கேட்டார். பதில் பக்கத்திலேயே இருக்கிறது. சானடோரியத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வாருங்கள். 1984-ல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலம், நம்ம "மெப்ஸ்", அங்கேதான். ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தின் பிழைப்புக்கும் ஜெனீவாவுக்கும் தொடர்பு உண்டு.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது, ஏற்றுமதியை நிபந்தனையாக்கி மானியம் தரக்கூடாது என்று விதித்தார்கள். ஏழை நாடுகளுக்கு விலக்கு. தலா வருமானம், 1990-ஆம் ஆண்டு மதிப்பில், தொடர்ந்து மூன்று ஆண்டு ஆயிரம் டாலரைத் தொட்டால் விலக்கு போச்சு. 2013 முதல் 2015 வரை இந்தியா தொட்டுவிட்டது. 2018-ல் அமெரிக்கா வழக்குப் போட்டது.

"மற்ற வளரும் நாடுகளுக்கு எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்தீர்களே, எங்களுக்கும் கொடுங்கள்" என்றது இந்தியா. "அந்த எட்டு ஆண்டு 1995-லேயே தொடங்கி முடிந்துவிட்டது" என்றது 2019 அக்டோபரில் வந்த நடுவர் குழுவின் அறிக்கை. நாம் பரீட்சை ஹாலுக்குள் நுழையும் முன்பே கடைசி மணி அடித்துவிட்டது! சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகளை 180 நாளில் விலக்கச் சொன்னார்கள்.

நவம்பரில் இந்தியா மேல்முறையீடு செய்தது. கேட்கத்தான் ஆளில்லை. புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால், மேல்முறையீட்டு அமைப்பு அந்த டிசம்பரிலேயே முடங்கிப்போனது. கடைசியில் 2023 ஜூனில் இரு நாடுகளும் பேசி ஆறு வழக்குகளை முடித்துக்கொண்டன. இதுவும் அதில் ஒன்று.

நல்லதுதானே என்பீர்கள். வழக்கு முடிந்தது, விதி அப்படியே இருக்கிறது. நாளை வேறொரு நாடு இதையே கேட்கலாம். பேரம் பேச இந்தியாவுக்குப் பலம் உண்டு. சிறிய நாட்டுக்கு விதியும் நடுவரும்தானே துணை?

ஆகவே, ஒரு நாடு விலக்கை இழக்கும் நாளிலிருந்து அவகாசத்தை எண்ண வேண்டும். மேல்முறையீட்டு நாற்காலிகளையும் நிரப்ப வேண்டும். இதற்கு 166 உறுப்பு நாடுகளும் இணங்க வேண்டும், சுலபமில்லை. அந்த மேசையில் நமக்காக வாதாட, சட்டமும் பொருளாதாரமும் சேர்த்துப் படித்தவர்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் நம் கல்லூரியிலிருந்து போகட்டுமே!