தோல்வழி மருத்துவமும் நம் பிள்ளைகளின் இன்சுலினும்





சர்க்கரை நோய் கண்ட பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றனர். “நானோ மருந்து என்று ஒன்று வந்திருக்கிறதாமே, தோலில் தடவினால் நோய் வேரோடு போய்விடுமாமே, இன்சுலின் ஊசியை நிறுத்திவிடலாமா ஹஜ்ரத்?” என்பதே அக்கேள்வி. இதில் ஒரு பகுதி உண்மை. மறுபகுதி பிள்ளையின் உயிருக்கே ஆபத்தானது. எனவே, இரண்டையும் பிரித்தறிந்துகொள்ள நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெரியவர்களிடம் நாம் பரவலாகக் காணும் சர்க்கரை நோய் வேறு. பிள்ளைப் பருவத்தில் பெரும்பாலும் வெளிப்படும் முதல்வகை நீரிழிவு வேறு. கிருமிகளோடு போரிட வேண்டிய வெள்ளணுக்கள், நம்மவர் யார், பகைவர் யார் என்று தெரியாமல் தடுமாறி, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் செல்களையே அழித்துவிடுவதால் விளைவது இது. ஊர்க்காவலுக்கு நிறுத்திய படை ஊர்க் களஞ்சியத்திற்கே தீ வைத்ததைப் போன்றது. இதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கின்றனர். பிள்ளை இனிப்புத் தின்றதாலோ, தாய் கவனிக்கத் தவறியதாலோ இந்நோய் வருவதில்லை. ஆகவே எந்தத் தாயையும் இதன்பொருட்டுப் பழிக்காதீர்கள்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்குச் சாவைத் தவிர வேறு முடிவு இருக்கவில்லை. இன்சுலின் உயிரைக் காத்தது; ஆனால் வழிதவறிய படையை அது திருத்தவில்லை. படை முழுவதையும் அடக்கி ஒடுக்கும் மருந்துகள் உள்ளன. அவற்றைக் கொடுத்தால் மெய்யான பகைவர் வரும்போதும் படை சோர்ந்து கிடக்கும். தவறிழைக்கும் வீரர்களை மட்டும் திருத்த இயலாதா என்று ஆராய்ந்த அறிஞர்களின் கவனம் தோலின்மீது திரும்பியது.

காரணம் இருக்கிறது. 1868ஆம் ஆண்டு பெர்லினில் மருத்துவம் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர், மனிதத் தோலில் கிளைகள் விரித்த ஒருவகைச் செல்களைக் கண்டு, அவை நரம்பைச் சார்ந்தவை என்று கருதினார். மறு ஆண்டு, கணையத்தில் தீவுகளைப் போல் திட்டுத்திட்டாக அமைந்த செல் கூட்டங்களை விவரித்தார். இன்சுலின் சுரப்பது அத்தீவுகளிலேதான் என்பது பின்னாளில் தெரியவந்தது. தோலிலுள்ள செல்களோ உடலின் வாயிற்காவலர்கள் என்பது நூறாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. இவ்வகைக் கிளைச்செல்களைப் பற்றிய ஆய்விற்காக ரால்ஃப் ஸ்டைன்மன் என்பாருக்கு 2011இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இக்காவலர்கள் தம்மிடம் வந்த பொருளின் துணுக்கை எடுத்துக்கொண்டு நிணநீர் முடிச்சுகளுக்குச் சென்று, அங்குள்ள வெள்ளணுக்களிடம் காட்டுகின்றனர். ஆபத்தின் அறிகுறியோடு காட்டினால் படை போருக்கு எழும். நம்மில் பலருடைய இடது தோளில் தழும்பாக நிற்கும் பிசிஜி தடுப்பூசி, தோலுக்குள் இடப்பட்டு அவ்வாறே வேலை செய்கிறது. ஆபத்தின் அறிகுறி இன்றி அமைதியாகக் காட்டினால், “இது நம்முடையது, விட்டுவிடு” என்னும் பாடத்தைப் படை கற்கக்கூடும். புதிய முயற்சியின் அடிப்படை இதுவேயாகும்.

ஆனால் தோல் எதையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. அதன் மேலடுக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு பருமனே உடையதாயினும் உறுதியான மதில். மூலக்கூறு எடை 500 டால்டனைக் கடந்த பொருள்கள் நல்ல தோலை ஊடுருவுவது அரிது என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர். நிக்கோட்டினின் எடை 162. ஆகவே புகைப்பழக்கத்தை விட உதவும் பட்டையைத் தோலில் ஒட்டினால் அது உட்செல்கிறது. இன்சுலினின் எடையோ ஏறத்தாழ 5,800! களிம்பில் கலந்து தடவினால் போதும் என்று விளம்பரம் செய்வோரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

இம்மதிலைக் கடக்கவே நானோ துகள்களும் நுண்ணூசிகளும் துணைக்கு அழைக்கப்பட்டன. ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் அதன் நுண்மையை எண்ணிப் பாருங்கள். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு இணைந்தோரும், சில நானோமீட்டர் அளவே உள்ள தங்கத் துகள்களில், இன்சுலினின் முன்வடிவமாகிய புரோஇன்சுலினின் சிறு துண்டைப் பிணைத்தனர். ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத உள்துளை நுண்ணூசிகளால் அதை முதல்வகை நீரிழிவு உடையவர்களின் தோலுக்குள் செலுத்தினர்.

அம்முதற்சோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. பங்கேற்றோர் மிகச் சிலரே. அவர்கள் அம்மருந்தைத் தீங்கின்றித் தாங்கிக்கொண்டனர். துகள்கள் தோலில் நெடுநாள் தங்கியிருந்தன. அச்சோதனை மெய்ப்பித்தது இவ்வளவே. நோய் தீர்ந்தது என்று அவ்வாய்வாளர்களே கூறவில்லை. மேலும் ஆராயத் தக்கது என்றே கூறினர். முறையாகக் கற்றோரின் அடக்கமும், தெருமுனையில் மருந்து விற்போரின் ஆரவாரமும் எவ்வளவு வேறுபட்டவை!

வேறொரு வழியில் சிறிது முன்னேற்றம் கிட்டியுள்ளது. டெப்லிசுமாப் என்னும் மருந்தை அமெரிக்க அரசு 2022 நவம்பரில் ஏற்றது. இந்நோயின் தொடக்க நிலையில் இருப்போருக்கு 14 நாட்கள் நரம்பின் வழியே செலுத்தப்படும் இம்மருந்து, நோய் முற்றுவதைச் சோதனையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டது. இதுவும் நோயை அடியோடு நீக்குவதன்று.

ஆகவே, பெற்றோர்களே! நம்பிக்கையைக் கைவிடாதீர்கள், இன்சுலினையும் கைவிடாதீர்கள். முதல்வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலின் நிறுத்தப்பட்டால் ஓரிரு நாட்களிலேயே இரத்தத்தில் அமிலம் மிகுந்து, வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் கண்டு, நினைவு தப்பி உயிர் பிரியும் நிலை ஏற்படலாம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் மெலிவு ஆகியவை எந்தப் பிள்ளையிடம் தென்பட்டாலும் அன்றே இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள்.

புதிய மருந்து என்று எவர் வந்து சொன்னாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “இது எத்தனை நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது? பிள்ளையைப் பார்த்துவரும் மருத்துவர் இதற்குச் சம்மதிக்கிறாரா?” பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒரு விளம்பரத்தை நம்பி அந்த அமானிதத்தை இழந்துவிடாதீர்கள்.

நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல இறைவன் நல்ல ஆரோக்கியத்தை வழங்குவானாக. வஸ்ஸலாம்.