வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்

(சங்கம் நடத்தும் செல்போன் புகைப்படப் போட்டியை ஒட்டி, மாணவர்களிடையே பேசியது)



செல்போனில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் புகைப்படக் கலைஞன் இல்லை. பாய்லர், பம்ப் என்று சுற்றுகிற மெக்கானிக்கல்காரன். இந்தப் பேச்சுக்கு எனக்குள்ள ஒரே தகுதி, ஒருமுறை மிக மோசமாக ஒரு படம் எடுத்தேன் என்பதுதான்.

எங்கள் காலத்தில் ஃபிட்டிங் ஷாப்பில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். முதலாண்டில் நாங்கள் ராவிக் கொண்டுபோகும் இரும்புத் துண்டின் மேல் ட்ரை ஸ்கொயரை வைத்து, கிழக்கு ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு. "தம்பி, நீ பொய் சொல்லலாம், வெளிச்சம் பொய் சொல்லாது. போய் இன்னும் ராவு" என்பார். நாங்கள் வேண்டாத சாபமெல்லாம் விட்டிருக்கிறோம்.

2014-ல் அவருடைய பணி ஓய்வு விழாவுக்கு வந்திருந்தேன். முன்வரிசைக்குப் போகக் கூச்சம். பின்னால் நின்றபடியே, 8 மெகாபிக்சல் போனில் நாலு மடங்கு ஜூம் வைத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். அவருக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் பேனர், அதற்கு மேலே வரிசையாக ட்யூப்லைட். மூன்று வருஷம் கழித்து அவர் காலமானார். வீட்டில் மாட்ட நல்ல படம் ஒன்றும் இல்லை, விழாவில் எடுத்தது இருந்தால் கொடுங்கள் என்று அவருடைய மகள் கேட்டார். ஃபிரேம் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், முகம் மெழுகு மாதிரி கரைஞ்சிருக்கே" என்றார். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினார்கள். அது அவர் மாதிரியே இல்லை.

என்ன தப்பு செய்தேன் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இஞ்சினியர் புத்தி, வேறென்ன! டிஜிட்டல் ஜூம் என்பது ஜூமே இல்லை. படத்தின் நடுவை வெட்டி இழுத்துக் காட்டுவது. நாலு மடங்கு என்றால் அகலத்தில் கால், உயரத்தில் கால், ஆகப் பதினாறில் ஒரு பங்கு. என் 8 மெகாபிக்சல் அரை மெகாபிக்சலாகிவிட்டது. 12-க்கு 8 அங்குலத்தில் துல்லியமாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 86 லட்சம் புள்ளி வேண்டும். என்னிடம் இருந்தது 5 லட்சம். நான் பத்து எட்டு நடந்திருந்தால் போதும். இப்போதைய சில போன்களில் ஜூமுக்கென்றே தனி லென்ஸ் உண்டு. அது 2 மடங்கா, 3 மடங்கா என்று தெரிந்துகொண்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பழைய ஃபிலிம் ஃபிரேம் 36-க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. பல போன்களில் இருக்கும் 1/2.55 அங்குல சென்சாருக்கு ஏறத்தாழ 24 சதுர மி.மீ.தான். பருத்தி விதை மாதிரி இருந்துகொண்டு அது எவ்வளவு வெளிச்சத்தைப் பிடிக்கும்? மங்கலான இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதை அழிக்கிறேன் பேர்வழி என்று போன், முகத்துச் சுருக்கங்களையும் சேர்த்து அழித்துவிடும். அறுபது வயது மனிதரின் முகத்தில் சுருக்கம் போனால் மிச்சம் என்ன? ஆகவே ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ட்யூப்லைட் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் திரையில் முகத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தி முகத்துக்கு வேண்டியதை நீங்களே வையுங்கள். போன் சராசரிதான் பார்க்கும். அதற்கு முகமும் ஒன்று, பேனரும் ஒன்று.

லென்ஸைத் துடைக்கச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மெஸ்ஸில் பூரி சாப்பிட்ட கையோடு படம் எடுப்பவர்களை இன்று காலையில்தான் பார்த்தேன்.

போட்டியைப் பற்றி ஒரு விஷயம். ஒயரையும் குப்பைத்தொட்டியையும் விரலால் தேய்த்து அழிக்கும் வசதி இப்போது போனிலேயே வந்துவிட்டது. 2010-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் பரிசு பெற்ற ஒரு படத்தைத் தகுதி நீக்கம் செய்தார்கள். காரணம், பின்னணியில் தெரிந்த ஒருவரின் பாதத்தில் ஒரு பகுதியை எடுத்தவர் அழித்திருந்தார். ஒரு கால் நுனிக்கே அப்படி! 2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதுகளில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சன், அது செயற்கை நுண்ணறிவால் செய்த படம் என்று தாமே சொல்லிப் பரிசை மறுத்துவிட்டார். நம் போட்டியிலும் அசல் ஃபைலைக் கேட்போம். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப்போகும், டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். ஒயர் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அல்லது இரண்டடி தள்ளி நின்று எடுங்கள்.

தலைப்பு 'உழைக்கும் கைகள்' என்பதால் நிறையப் பேர் ஊருக்கு வெளியே வயலுக்குக் கிளம்பிவிடுவீர்கள் என்று தெரியும். போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நம் மெஸ்ஸில் விடியற்காலையில் மாவு கரைக்கிற அண்ணனுக்கு இருபது வருஷ சர்வீஸ். நேற்று விசாரித்தேன், அவரை யாரும் தனியாகப் படமே எடுத்ததில்லையாம். முதலில் அவரிடம் கேளுங்கள், சம்மதித்தால் எடுங்கள், எடுத்ததை அவரிடம் காட்டுங்கள். அச்சிட்டு ஒரு பிரதி வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அந்தச் செலவு என்னுடையது.

ஃபிட்டிங் ஷாப்பின் கிழக்கு ஜன்னல் இன்னும் அப்படியே இருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை வெளிச்சம் வைஸ் மேல் சாய்வாக விழுகிறது. இன்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். பத்து மணிக்கு எழுந்து போய்விட்டு வெளிச்சம் சரியில்லை என்று யாரும் என்னிடம் வராதீர்கள்.